நாலு நிமிஷம் நின்ற புள்ளி

கொக்கி என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஒரு நோயாளி. பக்கவாதத்தில் விழுந்த கணக்கு வாத்தியார் அவர். அக்குளுக்கு அடியில் இடது கையைக் கொடுத்து அவள் தூக்கி உட்கார வைத்தபோது, "இது கையா, கொக்கியாம்மா?" என்று கேட்டாராம். அவளே சிரித்துக்கொண்டு வந்து எங்களிடம் சொன்னாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது.

இடது மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து ஒட்டியிருந்தது. முறிந்த எலும்பைச் சரியாகக் கட்டாமல் விட்டால் அப்படித்தான் ஒட்டும். விழுந்து முறிந்த கை ஒரு மாதிரி இருக்கும், முறுக்கி முறித்த கை வேறு மாதிரி இருக்கும். வீட்டில் கிடக்கும் நோயாளிகளை முப்பத்தெட்டு வருடம் பார்த்தவள் நான். வேலை கேட்டு வந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. "ஆளைத் தூக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். என்னையே நாற்காலியோடு தூக்கிக் காட்டினாள். நான் அறுபத்தெட்டு கிலோ.

நோயாளிகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. முழங்கால் தேய்ந்த பிறகு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுகிறேன். எல்லோருக்கும் பெரியக்கா. பம்ப் ரிப்பேர் கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை இருந்தது. இரண்டு இரும்புக் கட்டில், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு, அதிலிருந்து சந்துக்கு இறங்கும் இரும்புப் படி. ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதில் அவள் வந்து சேர்ந்தாள்.

கணவனைப் பற்றி மூன்றாவது மாதம் சொன்னாள். காலில் ஆணி வெட்டிக்கொண்டே சொன்னாள்.

அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவர்கள் இருந்த ஊரில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எத்தனை நிமிடம் என்பது அவனுக்கு மனப்பாடம். மனைவியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தான். கடைக்குப் போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம், வாங்குவதற்குப் பத்து. இருபத்தைந்தாவது நிமிடம் கதவருகே வந்து நிற்பான். தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் அடி. பெல்ட் கையில் கிடைத்தால் பெல்ட், இல்லாவிட்டால் செருப்பு.

பிறகு அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நல்ல புருஷன் என்றார்கள். அந்தப் போன் போன இடமெல்லாம் அவன் போனில் மேப்பின் மேல் சிவப்புக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைக்கச் சொல்லுவான். நடுவில் போனை வைப்பான். கைரேகை பார்க்கிறவன் மாதிரி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவான். கோடு எங்கே நின்றதோ அங்கே விரலும் நிற்கும்.

"இங்க எதுக்கு நாலு நிமிஷம் நின்னே?"

"மீன் பாத்தேன்."

"என்ன மீனு?"

"கண்ணாடித் தொட்டியில வச்சு விக்கிறாங்களே, அது. சிவப்பா ஒண்ணு இருந்துச்சு."

"அந்த மீனுக்கு மீசை இருந்துச்சா?"

அவள் பதில் சொல்லுவதற்குள் அவளுடைய இடது கையைப் பிடித்து மேஜை விளிம்புக்கு அடியில் கொடுத்து முறுக்கினான். காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகவிடவில்லை. அவனே ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டினான். கட்டிவிட்டு, "உன்னால எனக்கு எவ்வளவு வேலை பாரு" என்றானாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய போனை அவன் காரின் பின் இருக்கைக்கு அடியில் செருகி வைத்துவிட்டு வெளியேறினாள். அன்று முழுக்க அவன் எங்கே போய் மேப்பைப் பார்த்தாலும் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். இறங்கி இறங்கித் தெருத் தெருவாகத் தேடினான். தன் காரையே நாள் முழுக்கத் துரத்தியவன் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். சொல்லி முடித்துவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆணி வெட்டின இடத்தில் ரத்தம் வந்ததால் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் அடி வாங்குவது உண்டு. மூளை தளர்ந்த நோயாளிகள் அடிப்பார்கள், கடிப்பார்கள், துப்புவார்கள். அவர்களுக்கு யார் மேலும் கோபம் கிடையாது, பயம்தான். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அவளைத்தான் அனுப்புவேன். கறிக்கடை வைத்திருந்த ஒரு கிழவர், ஆள் மலை மாதிரி, குளிப்பாட்டப் போகிறவர்களின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். இரண்டு பெண்கள் அழுதுகொண்டு ஓடி வந்துவிட்டார்கள். கொக்கி போனாள்.

முடியைப் பிடித்தால் இழுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித் தருவது அது. பிடித்த கையை நம் இரண்டு கையாலும் நம் தலையோடு சேர்த்து அழுத்தி, அவர் பக்கம் நெருங்கிக் குனிய வேண்டும். விரல் தானாக விரியும். விரிந்ததும் விட்டுவிட வேண்டும். விடாமல் குனிந்துகொண்டே திரும்பினால் மணிக்கட்டு போய்விடும். அதையும் சேர்த்துத்தான் சொல்லித் தருவார்கள், செய்யக் கூடாதென்று. அவள் செய்ய வேண்டியதை மட்டும் செய்தாள். கிழவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, தூங்க வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னைக்கு மூணு கீறல், ஒரு கடி" என்றாள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி.

"வீட்டை மாத்தித் தரவா?"

"வேணாங்க்கா. அவருக்கு நான் யாருன்னே தெரியாது. தெரிஞ்சு அடிச்சவன்கிட்ட இருந்து வந்தவ நான். இதெல்லாம் கொசுக்கடி."

நான்கு வருடம் இப்படிப் போனது. அவளுக்கு இருந்த ஒரே கவலை அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான். போட்டோ எடுத்தால் நகர்ந்துவிடுவாள். கார் நிறுத்தங்கள் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். நேரம் தவறாமல் வேலைக்கு வருவாள்.

அப்புறம் நிறுவனம் ஒரு ஆப் செய்தது. ஆள் எங்கே வருகிறார் என்று நோயாளி வீட்டில் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேப்பில் அந்தப் பெண் கிளம்பிய இடத்திலிருந்து அவர்கள் வாசல்வரை ஒரு நீலக் கோடு, அதன்மேல் நகரும் ஒரு புள்ளி. அதைச் செய்தவர் ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, மேஜை இழுப்பறை முழுக்க பிஸ்கட். மேப்புக்காரர் என்போம். நல்ல மனிதர். நல்லவர்கள் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்தார், எல்லோரும் தன்னைப் போலவே மேப்பைப் பார்ப்பார்கள் என்று நினைத்தார்.

நானும் யோக்கியம் இல்லை. "ஆள் எங்க வர்றாங்க?" என்று ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும் எனக்கு. ஆப் வந்த மறுவாரம் அது ஆறாகக் குறைந்தது. அந்தக் கோடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கொக்கி முதல் நாளே மேப்புக்காரரின் அறைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"இந்தக் கோட்டை எடுங்க."

"எந்தக் கோட்டைம்மா?"

"என் கட்டில்ல இருந்து கிளம்புதே, அந்தக் கோட்டை."

"அது வெறும் வழிங்க. நீங்க வர்ற வழி. பாக்குறவங்களுக்கு ஒரு நிம்மதி."

"எனக்கு?"

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவள் தன் இடது கையை எடுத்து அவருடைய விசைப்பலகையின் மேல் வைத்தாள். திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடின.

"இது இதுக்கு முன்னாடி இருந்த கோட்டுக்குக் கிடைச்சது. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். அன்று மாலைக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். யாருடைய கோடாக இருந்தாலும் முதல் அரைக் கிலோமீட்டர் மேப்பில் தெரியாது. எங்கோ ஒரு தெருவின் நடுவில் திடீரென்று ஆரம்பிக்கும். "அரைக் கிலோமீட்டர்ல எத்தனை வீடு, எத்தனை மாடி! எவன் வந்து தேடுவான்?" என்றார். கொக்கி வாங்கிப் பார்த்தாள். சரி என்றாள். நானும் சரி என்றேன். மூன்று பேருக்கும் மூளை இருந்தது. மூன்று பேரும் யோசிக்கவில்லை.

கணவன் அவளைத் தேடி வந்த விதம் இது. பின்னால் தெரிந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன், கதை குழம்ப வேண்டாம். எங்கள் ஊருக்குச் சவாரி வந்த இடத்தில் வேறொரு டிரைவரோடு டீ குடித்தான். அந்த டிரைவரின் தாய் எங்கள் நோயாளி. "எங்கம்மாவைத் தூக்க வர்ற பொம்பளைக்கு இடது கை கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ஆனா பூ மாதிரித் தூக்குது" என்று அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் கையை வளைத்தவனுக்கு அதற்குமேல் அடையாளம் வேண்டியிருக்கவில்லை. சிநேகிதனின் போனை வாங்கிக் கோட்டைப் பார்த்தான். அவளுடைய பணி எண்ணையும் பார்த்துக்கொண்டான்.

பிறகு ஆப்பில் பொய்ப் பெயர்களில் பதிந்தான். போன முறை வந்தவரே வேண்டும் என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க எங்கள் ஆப்பில் வசதி உண்டு. நோயாளிகளுக்குப் பழகின முகம் வேண்டும் என்று அதைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். ஒரு நாள் ஊரின் வடக்கே ஒரு முகவரி, ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் தெற்கே. எல்லாம் காலை முதல் வேலை, அதாவது அவள் அறையிலிருந்து கிளம்பும் வேலை. கோடு விழுந்ததும் பார்த்துக்கொண்டு, அவள் பாதி வழி வந்ததும் வேண்டாம் என்று ரத்து செய்துவிடுவான். பத்து நாளில் மூன்று ரத்து. மூன்றும் என் பட்டியலில் இருந்தன. "வேற வேலை இல்லாதவனுங்க" என்று திட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அது என் தப்பு.

ஒரு தட்டின் விளிம்பில் மூன்று ஈக்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டு கண்ணுக்குத் தெரியாது, ஈக்கள் மட்டும்தான் தெரியும். ஆனாலும் தட்டின் நடு எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். மூன்று கோடும் அவள் அறையிலிருந்து சரியாக அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆரம்பித்தன. அவன் மேப்பில் ஒரு வட்டம் போட்டான். நடுவில் பம்ப் கடை.

அன்று எனக்கு விடுமுறை. பகல் பன்னிரண்டு இருக்கும். வெந்நீர்ப் பேசினில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம்.

"யாரு?"

"கீழ பம்ப் கடை."

தாழ்ப்பாளை விலக்கியதும் கதவு என் மேலேயே வந்தது. பேசினோடு பின்னால் விழுந்தேன். கையில் காரை உயர்த்தும் ஜாக்கியின் இரும்புக் கம்பி வைத்திருந்தான். நான் எழ முயன்றபோது தோளில் ஒன்று போட்டான். கழுத்தெலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தலையில் உரசிக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் இறங்கியது. தலைக் காயம் சின்னதாக இருந்தாலும் அதிகமாக ரத்தம் விடும் என்று தெரிந்ததால் அதற்குப் பயப்படவில்லை. கம்பிக்குத்தான் பயந்தேன்.

முன் கதவைச் சாத்தித் தாழிட்டான். என் கட்டிலை ஓர் உதை விட்டான். விரிப்பு சரிந்து தரையில் விழுந்தது.

"இதுல எது அவ கட்டிலு?"

நான் சொல்லவில்லை. என் விரலை மிதித்தான். சொன்னேன். அவள் கட்டிலில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, கம்பியை மடியில் வைத்துக்கொண்டான்.

"கத்தினே, மண்டை ரெண்டாயிடும் கிழவி."

"கத்துற தெம்பு இல்லப்பா. தண்ணி வேணுமா?"

அடிக்கிற நோயாளியிடம் பேச்சை விடக் கூடாது. பேசுகிற வாய் கொஞ்ச நேரமாவது கையைச் சும்மா வைத்திருக்கும். அவனும் பேசினான். அந்த மூன்று ஈக் கதையை அப்போதுதான் சொன்னான். அவ்வளவு பெருமை. யாரிடமாவது சொல்லாமல் வயிறு வெடித்துவிடும்போல இருந்திருக்கிறது.

"இப்ப கீழ இருக்கிற பம்ப் கடை பேர்லயே வரச் சொல்லிப் பதிஞ்சிருக்கேன். அம்மா கீழ விழுந்துட்டாங்க, தூக்கணும்னு போட்டேன். இதோ பாரு."

போனைக் காட்டினான். நீலக் கோடு எங்கள் அலுவலகப் பக்கமிருந்து எங்கள் தெருவரைக்கும் வந்திருந்தது. புள்ளி இன்னும் தூரத்தில் இருந்தது.

"அன்னைக்குப் போனை என் கார்ல போட்டுட்டுப் போனா. இப்ப போடமாட்டா. போனு இல்லேன்னா வேலை இல்ல, இல்ல? என்னைவிட நல்லாக் கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க நீங்க."

நான் தலைப்பை எடுத்துத் தலைக் காயத்தில் அழுத்தினேன்.

அலமாரியில் என் போன் அடித்தது. எட்டிப் பார்த்தான். "கொக்கியா? அவ பேரா இது?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். "செஞ்சவன் நான், பேரு வச்சவன் எவனோ." போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவிடவில்லை. அதுதான் அவன் செய்த முதல் தப்பு. நான் இரண்டாவது மணிக்கு மேல் போனை அடிக்கவிடுகிறவள் இல்லை என்பது கொக்கிக்குத் தெரியும். கீழே விழுவதற்குப் பம்ப் மெக்கானிக்குக்கு அம்மா இல்லை, அவர் தனிக்கட்டை என்பதும் தெரியும்.

அவள் அந்த நேரம் காலை வேலை முடித்து அலுவலகத்தில் இருந்தாள். போலீசுக்குப் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. நேராக மேப்புக்காரரிடம் போனாள்.

"இங்க இருந்தே என் புள்ளிய நகர்த்த முடியுமா?"

"முடியும். ஒரு நாள் ஆகும்."

"அப்ப எழுந்திரிங்க. இந்தாங்க என் போன். இதை எடுத்துட்டு என் ரூமுக்கு நடங்க. என் வேகத்துல நடங்க."

"உங்க வேகம் எனக்கு எப்படிம்மா..."

"வேகமா நடங்க. மூச்சு வாங்கினாலும் நிக்கக் கூடாது. மருந்துக்கடை முனை வந்ததும் நாலு நிமிஷம் நில்லுங்க. அங்க மட்டும்."

"அங்க எதுக்கு?"

"அவனுக்குத் தெரியும்."

அவள் ஒரு வாடகை வண்டி பிடித்துப் பின்பக்கச் சந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பம்ப் கடைப் பின்வாசலில் மெக்கானிக்கிடம் ஒரு முழ நீள இரும்புக் குழாய் கேட்டாள். அவர் எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டு முன் படிக்குப் போய் நின்றுகொண்டார். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறி, புள்ளி நின்றதை அவன் குரல் சொல்லும்வரை பின் கதவுக்கு வெளியே காத்திருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கையிலிருந்த புள்ளிதான். அது வந்துகொண்டே இருந்தது. அவள் வாழ்க்கை முடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு தரையில் கிடந்தேன்.

மருந்துக்கடை முனையில் புள்ளி நின்றது.

ஒரு நிமிடம் ஆனது. அவன் திரையைத் தட்டிப் பார்த்தான். இரண்டு நிமிடம்.

"இங்க எதுக்கு நிக்குறா?" என்னைத்தான் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்?"

"மருந்து வாங்க இவ்வளவு நேரமா? எவன் இருக்கான் அங்க?"

எழுந்து ஜன்னலுக்குப் போனான். தெரு முனை அங்கிருந்து தெரியாது. தெரியாததால் திரும்பத் திரும்பப் போனைப் பார்த்தான். அந்த நேரத்தில், தாழிடாமல் சாத்தியிருந்த பின் கதவின் இடுக்கில் ஒரு வெறுங்கால் தெரிந்தது. நோயாளி விழிக்காமல் நடக்கப் பழகிய கால். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அவனும் பார்ப்பான். கவிழ்ந்த பேசினையே பார்த்துக்கொண்டு, "அந்த மருந்துக்கடைக்காரன் ஒரு மாதிரி ஆளு" என்றேன். "சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவான்."

அவன் போனை மூக்கருகே கொண்டுபோனான்.

குழாய் அவனுடைய வலது முழங்கையில் இறங்கியது. கம்பி தரையில் விழுந்து உருண்டது. அவன் கத்திக்கொண்டே திரும்பி இடது கையால் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை. இரண்டாவது தடவை மோதும்போது சுண்ணாம்பு உதிர்ந்தது. குழாய் அவள் கையிலிருந்து போய்விட்டது. மூன்றாவது தடவைக்கு இழுத்தபோது அவள் இழுபடவில்லை. தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய் அவன் கையைத் தன் தலையோடு அழுத்தினாள். வளைந்த மணிக்கட்டு அவன் மணிக்கட்டின் மேல் சரியாகப் பூட்டியது. அவன் பக்கம் நெருங்கிக் குனிந்தாள். அவன் விரல்கள் விரிவதை நான் பார்த்தேன். கறிக்கடைக்காரக் கிழவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் விட்டிருப்பாள்.

அவள் விடவில்லை. குனிந்துகொண்டே திரும்பினாள். சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கும் கேட்டது.

அவனுக்குக் கால் இரண்டும் மிச்சம் இருந்தன. அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்தாள். அவள் கழுத்தில் மிதிக்கக் காலைத் தூக்கினான். இன்னொரு கால் என் கட்டிலிலிருந்து சரிந்த விரிப்பின் மேல் இருந்தது. விரிப்போடு சேர்த்து ஆளை நகர்த்துவது எங்களுக்கு அன்றாட வேலை. ஆரோக்கியமான கையால் ஓர் இழுப்பு இழுத்தேன். அவன் பின்னால் சாய்ந்து கட்டில் விளிம்பில் மண்டை இடித்து விழுந்தான். அப்புறம் அசையவில்லை.

கொக்கி தவழ்ந்து போய் அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள்.

"என்னடி செய்றே?" என்றேன்.

"வாந்தி எடுத்தா மூச்சடைக்கும்க்கா."

சொல்லிவிட்டு அவன் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்போது முன் கதவு தட்டப்பட்டது. மெக்கானிக்கின் குரல், அதற்குப் பின்னால் இரைக்க இரைக்க மேப்புக்காரரின் குரல். "நாலு நிமிஷம் நின்னாச்சும்மா... இப்ப நான் வரலாமா?"

போலீஸ் வந்தபோது ஒரு மணி ஆகியிருந்தது.

என் கழுத்தெலும்புக்குக் கட்டுப் போட்டு, தலையில் ஆறு தையல் போட்ட பிறகு, மறுநாள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவளுக்கு ஒரு பக்கம் முகம் கறுத்து வீங்கியிருந்தது. விசாரித்த அதிகாரி வயதானவர். அவனுடைய போன் அவர் மேஜையில் இருந்தது.

"அவன் ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே உங்க மேல புகார் குடுத்திருக்கான்" என்றார். "முழங்கையை உடைச்சீங்க, சரி. கம்பி வச்சிருந்தான். மணிக்கட்டு? பிடியை விட்டப்புறம் திருப்பினீங்கன்னு சொல்றான். கேஸ் ஆனா உங்க வேலைக்கு ஆபத்து. ஆள் கையை உடைச்சவளை எந்த வீட்டுல உள்ள விடுவாங்க?"

அந்த வேலை தவிரக் கொக்கிக்கு வேறொன்றும் இல்லை.

அவர் போனைத் திருப்பி வைத்தார். மேப்பில் நீலக் கோடு, மருந்துக்கடை முனையில் புள்ளி.

"இதுல என்ன இருக்கு பாருங்க. அவன் கை உடைஞ்ச நேரத்துல நீங்க இந்த முனையில நிக்கிறீங்க. நாலு நிமிஷம். அவனே பதிஞ்சு, அவனே பாத்துட்டு இருந்த மேப். நீங்க ரூமுலயே இல்லைன்னு எழுதிக்கலாம். தகராறுல பெரியம்மா தள்ளினாங்க, விழுந்ததுல கை உடைஞ்சுதுன்னு முடிச்சிடலாம்."

நான் உடனே சரி என்றேன். எழுபதை நெருங்குகிறவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

அவள் வளைந்த கையால் போனை அதிகாரி பக்கம் தள்ளிவிட்டாள்.

"அப்படி எழுதாதீங்க சார்."

"ஏம்மா?"

"நான்தான் உடைச்சேன். விரல் விரிஞ்சப்புறமும் திருப்பினேன். எட்டு வருஷம் அவன் கோட்டைப் பாத்துக் கேட்டப்ப நான் நிஜம்தான் சொன்னேன். மீன் பாத்தேன்னா மீன்தான் பாத்தேன். அப்ப நம்பல. இப்ப அந்த நாலு நிமிஷம் நான் எங்க இருந்தேன்னு அவனுக்கு என் வாயாலயே தெரியணும். பொய் சொன்ன கோடு அது ஒண்ணுதான்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைத் திட்டினேன், ஸ்டேஷன் என்றும் பார்க்காமல். கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் அவளுக்கு வேலை இல்லாமல் போனது. அவள் மேல் போட்ட வழக்கு அதற்குள் விழுந்தது. என் தலைத் தையலையும் சுவரில் இடிபட்ட அவள் மண்டையையும் பார்த்த நீதிபதிக்கு மணிக்கட்டில் அவ்வளவு அக்கறை வரவில்லை. அவனுக்குச் சிறை. அவனுடைய இடது மணிக்கட்டு எப்படி ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள்.

அந்த ஏழு மாதமும் கணக்கு வாத்தியார் வேறு யாரையும் தன்னைத் தூக்கவிடவில்லை. கோணல் வாயோடு நிறுவனத்துக்குத் தினம் போன் செய்து, கொக்கியை அனுப்பு என்று சண்டை போட்டார். அவள் திரும்பி வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

மேப்புக்காரர் கோட்டை எடுத்துவிட்டார். அரைக் கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராக்கலாம், ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவில் வெட்டலாம் என்றெல்லாம் முதலில் படம் போட்டுக் காட்டினார். "நோயாளிக்கு வேண்டியது நான் வர்ற நேரம். வழி எதுக்கு?" என்று கொக்கி கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். இப்போது அந்த ஆப்பில், இன்னும் பன்னிரண்டு நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று எழுத்துதான் வரும். எனக்கு மறுபடியும் நாற்பது போன் வருகிறது. எடுக்கிறேன். எடுக்காமல் என்ன செய்வது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் அவள் அறைக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே சிவப்பாக ஒரு மீன், விரல் நீளம். இன்னொரு கையில் கண்ணாடித் தொட்டி.

"இது எங்க இருக்கும்?" என்றேன்.

"ஜன்னல்ல."

"யாரு தொட்டி கழுவறது?"

"நீங்கதான். எனக்குக் கை வளைஞ்சிருக்குல்ல" என்றாள்.